எலிச் செல்லின் துடிப்பிலிருந்து பிசி 007 என்ற மருந்து வரை: இதயத்தசை நோயில் எதிர்ப்பானை முடக்கும் சிகிச்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு ‘சர்குலேஷன்’ மருத்துவ இதழில் பெர்லினிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. நோயாளிகள் 34 பேர். எல்லோருக்கும் இதயத்தசை தளர்ந்து, இடது கீழறை விரிந்துகொண்டே போகும் டைலேட்டட் கார்டியோமயோபதி. நம் ஊரில் எக்கோ எடுத்துவிட்டு வருபவரிடம் ‘பம்பிங் எவ்வளவு சொன்னாங்க?’ என்று கேட்போமே, அந்தப் பம்பிங் அளவு இவர்கள் எல்லோருக்கும் 29 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. நல்ல இதயத்தில் அது 55க்கு மேல் இருக்க வேண்டும்.

17 பேருக்கு வழக்கமான மருந்துகள் மட்டும். மற்ற 17 பேருக்கு அதே மருந்துகளோடு இன்னொன்றும் செய்தார்கள். தொடர்ந்து 5 நாட்கள் அவர்களுடைய ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலிருந்த எதிர்ப்பான்களை, அதாவது ஆன்டிபாடிகளை, பிரித்தெடுத்துவிட்டு மீண்டும் உடலுக்குள் செலுத்தினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவின் சராசரி பம்பிங் 23.8இலிருந்து 25.2 ஆகியிருந்தது. ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது என்று சொல்லலாம். ரத்தம் சுத்திகரிக்கப்பட்ட குழுவில் 22.3இலிருந்து 37.9. விரிந்திருந்த கீழறையின் விட்டமும் 74.5 மில்லிமீட்டரிலிருந்து 65.1ஆகச் சுருங்கியிருந்தது.

இதய மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் நிலையில் உள்ள ஒருவருக்கு 22க்கும் 38க்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதை இதயநோய் மருத்துவர்களிடம் கேட்டால் தெரியும். படி ஏற முடியாதவர் ஏறுகிற வித்தியாசம் அது. இவ்வளவு பெரிய பலன் கிடைத்த சிகிச்சை, கால் நூற்றாண்டு ஆகியும் ஏன் உலக இதயநோய் வழிகாட்டு நெறிகளில் இடம்பிடிக்கவில்லை? இந்த ஆய்வுக்கான கேள்வி அதுதான்.

பூஹ் புறநகரில் ஒரு ஆய்வகம்

கதை 2000இல் தொடங்கவில்லை. பெர்லின் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்த 1987இல், கிழக்கு பெர்லினின் பூஹ் பகுதியில் இருந்த இதய ஆராய்ச்சி நிலையத்தில் கெர்ட் வாலுகட், ஆல்பர்ட் வோலன்பெர்கர் என்ற இருவர் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார்கள். வோலன்பெர்கர் சாதாரண ஆள் இல்லை. யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய், ஹார்வர்டில் வேலை பார்த்து, 1950களில் கிழக்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர். துடிக்கும் இதயத்தை ஒரு நொடிக்குள் உறையவைத்து அதன் வேதிநிலையை அப்படியே பிடித்துவைக்கும் இடுக்கிக்கு உயிர்வேதியியலில் அவர் பெயரே உண்டு.

அவர்கள் செய்தது இதுதான். டைலேட்டட் கார்டியோமயோபதி நோயாளிகளின் சீரத்திலிருந்து காமா குளோபுலின் பகுதியை, அதாவது எதிர்ப்பான்கள் இருக்கும் பகுதியை, பிரித்தார்கள். அதைப் பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டியின் இதயச் செல்கள் வளரும் கலத்தில் விட்டார்கள். செல்கள் வேகமாகத் துடித்தன.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. எலிக்குட்டியின் கீழறைத் தசையை நொதி கொண்டு தனித்தனிச் செல்களாகப் பிரித்து, கலத்தில் சில நாட்கள் வளர்த்தால், அவை கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு தாமாகவே துடிக்கத் தொடங்கும். நரம்பும் இல்லை, ரத்தமும் இல்லை, ஆனாலும் துடிக்கும். கலத்தை 37 டிகிரியில் வைத்திருக்கும் சூடான மேடை கொண்ட நுண்ணோக்கியின் மீது வைப்பார்கள். கலத்தில் சில இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் 15 நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுவார்கள். பிறகு நோயாளியின் எதிர்ப்பானைச் சேர்த்து, அதே இடங்களில் மறுபடியும் எண்ணுவார்கள். துடிப்பு கூடினால், இதயத்தை வேகப்படுத்தும் பீட்டா ஏற்பியை அடைக்கும் பீட்டா தடுப்பான் மருந்தை விட்டுப் பார்ப்பார்கள். அப்போது கூடிய துடிப்பு இறங்கினால், அந்த எதிர்ப்பான் பீட்டா ஏற்பியைத்தான் தூண்டியது என்று அர்த்தம். கணினி இல்லை, ஒளிரும் சாயம் இல்லை. கண்ணும் பொறுமையும்தான் கருவி.

பீட்டா-1 ஏற்பி என்பது இதயச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதம். அட்ரினலின், நார்அட்ரினலின் வந்து உட்கார்ந்தால் ‘வேகமாகத் துடி, பலமாகச் சுருங்கு’ என்று செல்லுக்குள் தகவல் போகும். இந்தப் புரதம் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி உள்ளும் வெளியுமாகப் போய்வரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளையங்களில் இரண்டாவது வளையத்தைத்தான் பெரும்பாலான எதிர்ப்பான்கள் பிடிக்கின்றன என்பதை 1990வாக்கில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு உள்பட வேறு ஆய்வகங்களும் காட்டின. ஆகவே பூஹில் பார்த்தது ஒரே ஆய்வகத்தின் மாயத்தோற்றம் இல்லை.

அட்ரினலினுக்கும் இந்த எதிர்ப்பானுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். அட்ரினலின் போன்ற ஒரு மருந்தைக் கலத்தில் விட்டால் துடிப்பு ஏறும். கொஞ்ச நேரத்தில் ஏற்பிகள் மரத்துப்போய் துடிப்பு இறங்கிவிடும். எதிர்ப்பானை விட்டால் அப்படி இறங்குவதில்லை, மணிக்கணக்கில் ஏறியபடியே நிற்கிறது. அழைப்பு மணியை ஒருவர் அழுத்திவிட்டுப் போவதற்கும், விரலை எடுக்காமல் நின்றுகொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. இப்படித் தொடர்ந்து விரட்டப்படும் செல்லுக்குள் கால்சியம் மிகும், ஆற்றல் தீரும், கடைசியில் செல் செத்து அந்த இடத்தில் தழும்புத் திசு வரும்.

உடல் தன் ஏற்பியையே தூண்டும் எதிர்ப்பானை உண்டாக்குமா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், தைராய்டைப் பார்க்கலாம். கிரேவ்ஸ் நோயில் நடப்பது இதேதான். தைராய்டை இடைவிடாமல் தூண்டும் ஏதோ ஒன்று நோயாளியின் ரத்தத்தில் இருக்கிறது என்று 1956இல் நியூசிலாந்தின் ஆடம்ஸும் பர்வஸும் காட்டினார்கள். அது எதிர்ப்பான் என்பது பின்னால் தெளிவானது. தைராய்டில் இது இன்று பாடப்புத்தக அறிவு. இதயத்தில் மட்டும் இன்னும் வாதமாகவே இருக்கிறது.

காரணமா, விளைவா?

எதிர்ப்பான் இருப்பது வேறு, அதுதான் நோயை உண்டாக்குகிறது என்பது வேறு. இதயச் செல்கள் சாகும்போது உள்ளே இருந்தவை வெளியே சிந்தும்; அதைப் பார்த்து நோய் எதிர்ப்பு மண்டலம் எதிர்ப்பான் தயாரிக்கலாம். அப்படியானால் எதிர்ப்பான் வெறும் புகைதான், நெருப்பு வேறு எங்கோ இருக்கிறது.

இந்தச் சந்தேகத்துக்கு மிக நேரடியான பதிலைத் தந்தது ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க். ரோலண்ட் யான்ஸ் குழு 2004இல் எலிகளுக்குப் பீட்டா-1 ஏற்பியின் இரண்டாவது வளையத்தைத் தடுப்பூசி போலக் கொடுத்தது. எலிகளுக்கு எதிர்ப்பான் உண்டானது, மாதங்கள் போகப் போக இதயம் விரிந்து தளர்ந்தது. அதோடு நிற்கவில்லை. அந்த எலிகளின் சீரத்தை நோயில்லாத, அதே இன எலிகளுக்கு மாதாமாதம் செலுத்தினார்கள். அவற்றுக்கும் இதயத்தசை நோய் வந்தது. ரத்தத்தின் வழியே நோயை மாற்றிவைக்க முடிகிறது என்றால், குற்றவாளி ரத்தத்தில்தான் இருக்கிறான். என் பார்வையில் இந்தத் துறையின் மிக வலுவான சான்று இதுதான். 2000இன் பெர்லின் எண்களைவிட இதையே நான் அதிகம் நம்புவேன்.

தென் அமெரிக்காவிலிருந்து இன்னொரு துணைச்சான்று உண்டு. அங்கே மூட்டைப்பூச்சி போல ரத்தம் உறிஞ்சும் ஒரு பூச்சி பரப்பும் ஒட்டுண்ணியால் வரும் சாகஸ் நோய், பல வருடங்கள் கழித்து இதயத்தசையைத் தாக்கும். அந்த நோயாளிகளிடமும் பீட்டா ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பான்கள் இருப்பதை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே சொல்லி வந்தார்கள். ஒட்டுண்ணியின் ஒரு ரைபோசோம் புரதத்தின் வால்பகுதிக்கும் நம் ஏற்பியின் இரண்டாவது வளையத்துக்கும் உருவ ஒற்றுமை இருக்கிறது. ஒட்டுண்ணியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பான் இதயத்தையும் அடித்துவிடுகிறது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத்தசை நோயிலும் இப்படி ஏதாவது நடக்கலாம்.

ஆனால் டைலேட்டட் கார்டியோமயோபதி ஒரே நோய் அல்ல, பல நோய்களுக்கு ஒரே முகம். 2012இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வின்படி, குடும்பவழி வரும் நோயாளிகளில் சுமார் 25 சதவீதத்தினருக்கும், குடும்ப வரலாறு இல்லாதவர்களில் 18 சதவீதத்தினருக்கும் டைட்டின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவில் கோளாறு. மது, பிரசவம், சில புற்றுநோய் மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. எதிர்ப்பான் எல்லோருக்கும் காரணமாக இருக்க முடியாது. யாருக்குக் காரணம் என்று பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும்.

ஐந்து நாள் சிகிச்சை

பெர்லினில் இந்தச் சிந்தனை நோயாளியின் கட்டில்வரை வந்ததற்கு ஒரு தற்செயலும் காரணம். ஜெர்மன் இதய மையத்தில் ரோலண்ட் ஹெட்சரின் அறுவைக் குழு, இதயம் செயலிழந்தவர்களுக்கு எந்திரப் பம்புகளைப் பொருத்தி, மாற்று இதயம் கிடைக்கும்வரை உயிரைத் தக்கவைத்துக்கொண்டிருந்தது. சிலருக்கு எதிர்பாராதது நடந்தது. பம்பு சுமையைத் தாங்கியதால் ஓய்வெடுத்த சொந்த இதயம் தேறிவிட்டது. 1997இல் யோஹன்னஸ் முல்லர் தலைமையில் அவர்கள் எழுதிய கட்டுரையில் 17 நோயாளிகளில் 5 பேருக்குப் பம்பைக் கழற்ற முடிந்தது. கூடவே வாலுகட்டின் எலிச் செல் சோதனையில் அவர்களுடைய பீட்டா-1 எதிர்ப்பான் படிப்படியாகக் குறைந்து மறைவதும் தெரிந்தது. அறுவைக்காரர்களும் செல் எண்ணுகிறவர்களும் ஒரே மேசைக்கு வந்தது அப்போதுதான்.

அப்புறம் எழும் கேள்வி இயல்பானது. தானாக மறையும்வரை காத்திருப்பதற்குப் பதில், எதிர்ப்பானை நாமே எடுத்துவிட்டால்?

இம்யூனோஅட்சார்ப்ஷன் என்ற முறை இதற்குத் தயாராக இருந்தது. பார்க்க டயாலிசிஸ் மாதிரி இருக்கும், வேலை வேறு. பெரிய ரத்தநாளத்தில் குழாய் செருகி, முதலில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிப்பார்கள். பிளாஸ்மா ஒரு கண்ணாடி உருளைக்குள் போகும். அதற்குள் சிறு மணிகள். மணிகளின் மேல், மனித எதிர்ப்பானைப் பிடிக்கும்படி ஆட்டில் தயாரித்த எதிர்ப்பான்கள் ஒட்டியிருக்கும். நோயாளியின் ஐஜிஜி, அதாவது ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் எதிர்ப்பான் வகை, அங்கே சிக்கிக்கொள்ளும், மற்றவை கடந்து வந்து ரத்தத்தோடு சேரும். உருளை நிரம்பியதும் பிளாஸ்மாவை அடுத்த உருளைக்குத் திருப்பிவிட்டு, முதல் உருளையை அமிலக் கரைசலால் கழுவுவார்கள். இப்படி இரண்டும் மாறிமாறி மணிக்கணக்கில் ஓடும்.

இந்தக் கருவிக்குக் கெட்ட எதிர்ப்பான், நல்ல எதிர்ப்பான் என்ற பேதம் தெரியாது. இதயத்தைத் தாக்குவதும் போகும், அம்மைக்கும் நிமோனியாவுக்கும் எதிராக வைத்திருப்பதும் போகும். ஆகவே தொற்று அபாயம் உண்டு. குழாய் செருகிய இடமும் கவலைக்குரியது. செலவோ சொல்லவே வேண்டாம்.

பலன் என்ன? 17 பேரின் எலிச் செல் சோதனையின் சராசரி அளவு 6.4 அலகிலிருந்து 1.0ஆக விழுந்தது. ஒரு வருடம் முழுக்க அது மீண்டும் ஏறவில்லை. எனக்கு இதில் பம்பிங் எண்ணைவிட இதுதான் வியப்பு. ஐஜிஜியின் அரைவாழ்வு மூன்று வாரம். அதை உற்பத்தி செய்யும் செல்கள் எலும்பு மஜ்ஜையில் பத்திரமாக இருக்கின்றன. ரத்தத்தைக் கழுவினால் சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். மொத்த ஐஜிஜி அப்படித் திரும்பவும் செய்கிறது. இந்த ஒரு எதிர்ப்பான் மட்டும் ஏன் வருடம் முழுக்கத் திரும்பவில்லை? தூண்டுதல் நின்ற இதயத்தில் செல் சாவது குறைந்ததால் புதிய எதிர்ப்பானுக்கான தேவை போனது என்று ஒரு விளக்கம் உண்டு. விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது, நேரடிச் சான்று பலவீனம்.

இதே காலத்தில் ஸ்டெஃபான் ஃபெலிக்ஸ் குழுவும் 18 பேரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து இதே முறையைச் செய்தது. பிறகு வடகிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரம் அவர்களுடைய தளமானது. எதிர்ப்பானை எடுத்தபின் நன்கொடையாளர்களின் ஐஜிஜியை ஈடாகச் செலுத்துவது அவர்கள் வழக்கம். அவர்களுக்கும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் காரணம் என்று அவர்கள் சொன்னது வேறு. பீட்டா-1 எதிர்ப்பான் மட்டுமல்ல, இதயச் செல்லின் சுருங்கும் வலுவை நேரடியாகக் குறைக்கும் வேறு எதிர்ப்பான்களும் போவதால்தான் பலன் என்றார்கள். அதற்கு ஒரு நல்ல தடயமும் கையில் வைத்திருந்தார்கள். எதிர்ப்பானைப் பிடிக்கும் புரோட்டீன்-ஏ என்ற புரதம் பூசிய உருளைகள் ஐஜிஜி-3 என்ற உட்பிரிவைச் சரியாகப் பிடிப்பதில்லை. அந்த உருளையை வழக்கமான முறையில் பயன்படுத்தியபோது பலன் குறைந்தது. அப்படியானால் தொல்லை தருவது ஐஜிஜி-3இல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஆக, ஒரே சிகிச்சை, ஒரே திசையில் பலன், இரண்டு ஊரில் இரண்டு காரணம்.

இரண்டு ஆய்வுகளிலும் ஒரு பொதுக் குறை. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிச் சுத்திகரிப்பு செய்யப்படவில்லை. யாருக்கு என்ன செய்யப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். குழுக்களும் சிறியவை. இதயத்தசை நோயில் சிலருக்குத் தானாகவே தேறுவதும் உண்டு, குறிப்பாக நோய் புதிதாக வந்தவர்களுக்கு. சோதனைக் குழுவில் அப்படிப்பட்ட நாலைந்து பேர் கூடுதலாகச் சேர்ந்துவிட்டாலே சராசரி ஏறிவிடும்.

இன்னொரு கூரான கேள்வியும் எதிர்த்தரப்பில் இருந்தது. 1999இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள், பைசோபுரோலால், மெட்டோபுரோலால் என்ற பீட்டா தடுப்பான்கள் இதயச் செயலிழப்பில் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டின. எதிர்ப்பான் கெடுப்பது பீட்டா-1 ஏற்பி வழியாகத்தான் என்றால், தினமும் ஒரு மாத்திரையில் அந்த ஏற்பியை அடைத்துவிடலாமே, இவ்வளவு பெரிய எந்திரம் எதற்கு? மாத்திரை ஏற்பியின் உள்குழியில் உட்காருகிறது, எதிர்ப்பான் வெளி வளையத்தைப் பிடிக்கிறது, ஆகவே முழுத்தடை கிடைக்காது என்பது பதில். பதில் நியாயமானதுதான். ஆனால் அதே எலிச் செல் கலத்தில் பீட்டா தடுப்பான் விட்டால் துடிப்பு இறங்குவதைத்தான் இவர்களே சான்றாக வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

எந்திரத்துக்குப் பதில் ஊசி

உருளைகள் எல்லா ஊருக்கும் போக முடியாது. கெட்ட எதிர்ப்பானை மட்டும் பிடிக்கும் மருந்து ஒன்று இருந்தால் போதுமே என்ற யோசனை இரண்டு வழியில் போனது.

வூர்ட்ஸ்பர்க் வழி நேரானது. ஏற்பியின் இரண்டாவது வளையத்தையே சிறு வளையப் பெப்டைடாக, அதாவது குட்டிப் புரதத் துண்டாக, செய்து ரத்தத்தில் விட்டால், எதிர்ப்பான் இதயத்துக்குப் போகாமல் அந்தப் பொய் இலக்கைப் பிடித்துக்கொள்ளும். சிஓஆர்-1 என்று பெயர். அதை உருவாக்கிய கோரிம்யூன் நிறுவனத்தை 2012இல் ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஜான்சென் பிரிவு வாங்கியது. மருந்து சந்தைக்கு வரவில்லை.

பெர்லின் வழி சுற்றுவழி. அவர்கள் ஆப்டாமர் என்ற வகையை எடுத்தார்கள். ஆப்டாமர் என்பது குறுகிய டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழை. மரபுத் தகவலைச் சுமப்பது அதன் வேலை இல்லை, மடிந்து ஒரு வடிவம் எடுத்து இன்னொரு மூலக்கூறைப் பிடிப்பதுதான் வேலை. 2011இல் பீட்டா-1 எதிர்ப்பானைப் பிடிக்கும் ஓர் ஆப்டாமரை அன்னெகாத்ரின் ஹாபர்லாண்ட், வாலுகட் ஆகியோர் எழுதிய கட்டுரை அறிமுகப்படுத்தியது. பிறகு அதைவிட எளிய ஒன்று கைக்கு வந்தது. 15 எழுத்து மட்டுமே கொண்ட டிஎன்ஏ. அதிலும் ஜி ஒன்பது, டி ஆறு. வேறு எழுத்தே இல்லை.

அந்த 15 எழுத்து புதியதல்ல. 1992இல் கிலியட் நிறுவனத்து ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட இழைதான் அது. ரத்தத்தை உறையவைக்கும் திராம்பினைத் தடுப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. பைபாஸ் அறுவையின்போது ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்தாக அதை வேறு நிறுவனங்கள் மனிதர்களிடம் சோதித்தும் பார்த்தன. பலனுக்குத் தேவையான அளவு அதிகமாக இருந்ததால் கைவிட்டன. ஒரு துறையில் ஓரம்கட்டப்பட்ட மூலக்கூறு இன்னொரு துறையில் பிசி 007 என்ற பெயரோடு வந்து நின்றது. 2014இல் தொடங்கிய பெர்லின் க்யூர்ஸ் என்ற நிறுவனம், எந்திரப் பம்புக் காலத்தில் பார்த்தோமே, அதே முல்லரின் தலைமையில் அதை வளர்த்தெடுத்தது.

அதே 2014இல் வந்த விலங்குச் சோதனையில், பிறவியிலேயே உயர் ரத்த அழுத்தமும் பீட்டா-1 எதிர்ப்பானும் கொண்ட எலிகளுக்கு ஆப்டாமரை ஊசியாகப் போட்டபோது எதிர்ப்பானின் செயல்பாடு மறைந்தது. முன்பே மனிதரிடம் சோதிக்கப்பட்ட இழை என்பதால் பாதுகாப்புக் கேள்வி கொஞ்சம் சுலபமானது. ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடந்த முதல் கட்டச் சோதனையில் பெரிய தொல்லை இல்லை.

சந்தேகத்துக்கு இடமான இரண்டு இடங்கள் இங்கே உண்டு. முதலாவது, இந்த இழை ரத்தத்தில் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும், நொதிகள் வெட்டித் தள்ளிவிடும். அந்தச் சில நிமிடங்களில் பிடிபட்ட எதிர்ப்பான் ஏன் வாரக்கணக்கில் மீண்டு வருவதில்லை? இரண்டாவது, இன்னும் பெரியது. பீட்டா-1 மட்டுமல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த பல ஏற்பிகளுக்கு எதிரான எதிர்ப்பான்களையும் பிசி 007 முடக்குகிறது என்று 2016 வாக்கில் குழு சொன்னது. எதிர்ப்பான்களின் தனிச்சிறப்பே ஒவ்வொன்றின் பிடிமுனையும் வேறுவேறு என்பதுதான். அப்படியிருக்க ஒரே 15 எழுத்து இத்தனையையும் எப்படிப் பிடிக்கும்? சாத்தியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு கூற்று வரும்போது, அதோடு சம்பந்தமில்லாத மூன்று நான்கு ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்து காட்டிய பிறகே அடுத்த அடி எடுத்துவைத்திருக்க வேண்டும்.

திசைமாற்றம்

அடுத்த பெரிய அடி இதயத்தில் விழவில்லை. 2021இல் எர்லாங்கன் பல்கலைக்கழகக் கண் மருத்துவமனையில் பெட்டினா ஹோபெர்கர் குழு, கொரோனாவுக்குப் பின் நீடித்த சோர்வால் அவதிப்பட்ட ஒரு நோயாளிக்குத் தனிநபர் முயற்சியாக ஒருமுறை பிசி 007 கொடுத்தது. கண் மருத்துவமனைக்கு இதில் என்ன வேலை? பசும்படலம் என்று நாம் சொல்லும் கிளாக்கோமாவில் இதே வகை எதிர்ப்பான்களை அவர்கள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள். விழித்திரையின் நுண்குழாய்களில் ரத்த ஓட்டத்தை அளக்கும் வசதியும் இருந்தது. நோயாளிக்குச் சோர்வு குறைந்தது, நுண்குழாய் ஓட்டமும் மேம்பட்டது.

ஒரே ஒரு நோயாளி. ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆனால் 2021 எப்படிப்பட்ட வருடம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். செய்தி பரவியது, லாங் கோவிட் நோயாளிகள் உலகம் முழுவதிலிருந்தும் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள், பணமும் கவனமும் அந்தப் பக்கம் போயின. 114 பேரிடம் இரண்டாம் கட்டச் சோதனை பல ஐரோப்பிய நாடுகளில் நடந்தது. 2024 நவம்பரில் முடிவு வந்தது. பிசி 007 பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதன்மை இலக்கு எட்டப்படவில்லை.

‘அப்போ எதிர்ப்பான் கதையே பொய்’ என்று பலர் முடிவுகட்டினார்கள். அந்த முடிவை நான் ஏற்க மாட்டேன். லாங் கோவிட் சோர்வுக்கு இந்த எதிர்ப்பான்தான் காரணம் என்பதற்கு, வூர்ட்ஸ்பர்க் எலிச் சோதனை போன்ற ஒரு சான்று ஒருபோதும் இருந்ததில்லை. பலமான கருதுகோள் இதயத்தில் இருந்தது. பெரிய அளவில் சோதிக்கப்பட்டதோ பலவீனமான கருதுகோள். இதயத்தசை நோயில், போலி மருந்தோடு ஒப்பிட்டு, பெரிய அளவில், பிசி 007 தன்னை நிரூபிக்கவில்லை. தோற்கவும் இல்லை. அந்தப் பரீட்சை எழுதப்படவே இல்லை.

எண்ணுவதில் உள்ள சிக்கல்

ஏன் எழுதப்படவில்லை என்பதற்குப் பணம், சந்தை என்று காரணம் சொல்லலாம். எனக்குத் தெரிவது வேறு. எலிச் செல் சோதனைதான் தடை.

பீட்டா-1 எதிர்ப்பான் டைலேட்டட் கார்டியோமயோபதி நோயாளிகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது? வூர்ட்ஸ்பர்க் குழு, மனித ஏற்பியைத் தாங்கிய முழுச் செல்களை வைத்து 1999இல் அளந்தபோது 26 சதவீதம். ஆரோக்கியமானவர்களிடம் சுமார் 1 சதவீதம். பெர்லினின் துடிப்புச் சோதனையிலோ நோயாளிகளில் பெரும்பான்மையோர் நேர்மறை. நாலில் ஒருவர் என்பதும் பெரும்பான்மையோர் என்பதும் ஒரே பொருளின் இரண்டு அளவுகளாக இருக்க முடியாது. இரண்டு குழுக்களும் வேறுவேறு ஒன்றை அளக்கின்றன, அல்லது ஒன்றின் வாசல் மிகத் தாழ்வாக இருக்கிறது.

சாதாரண ஆய்வகத்தில் ஓடும், எதிர்ப்பானைத் தட்டில் பிடித்து அளக்கும் எலிசா சோதனை இங்கே கைகொடுப்பதில்லை. வளையத்தின் துண்டைப் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டவைத்தால் அது தன் இயல்பான மடிப்பை இழந்துவிடும். ஏற்பியின் உண்மையான வடிவத்தைத் தேடும் எதிர்ப்பான் அதைக் கண்டுகொள்ளாது. தட்டில் ஒட்டிக்கொள்ளும் எல்லா எதிர்ப்பானும் ஏற்பியைத் தூண்டுவதும் இல்லை. ஆகவே செயல்பாட்டை அளக்க வேண்டும், அதற்குத் துடிக்கும் செல் வேண்டும், எலிக்குட்டிகள் வேண்டும், நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து எண்ணப் பழகிய கண் வேண்டும். வாலுகட் போன்ற ஒருவர் பல பத்தாண்டுகள் செய்து தேர்ந்த வேலை அது. மற்ற ஊர் ஆய்வகம் ஒன்று அதை உடனே திருப்பிச் செய்துவிட முடியாது. 1987இல் இந்தத் துறையைத் திறந்துவிட்ட அதே சோதனை, இன்று அதன் கழுத்தில் கிடக்கிறது.

யாருக்கு எதிர்ப்பான் இருக்கிறது என்று நம்பகமாகச் சொல்ல முடியாவிட்டால், சோதனைக்கு ஆள் தேர்ந்தெடுக்க முடியாது. டைட்டின் மரபணுக் கோளாறு உள்ளவருக்கு எதிர்ப்பானை எடுத்து என்ன பயன்? அவரையும் சேர்த்து சராசரி எடுத்தால் உண்மையான பலனும் கரைந்துபோகும்.

இதற்கிடையில் வேறொரு கதவு திறந்திருக்கிறது. ஐஜிஜியை உடல் மறுசுழற்சி செய்ய உதவும் எஃப்சிஆர்என் என்ற புரதத்தைத் தடுத்தால், ரத்தத்தில் ஐஜிஜி தானாகவே பாதிக்கு மேல் குறைகிறது. தசைத்தளர்ச்சி நோயான மயஸ்தீனியா கிராவிஸுக்கு இந்த வகை மருந்தான எஃப்கார்டிஜிமோட் 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உருளை வேண்டாம், கழுத்தில் குழாய் வேண்டாம். பெர்லினும் கிரைஃப்ஸ்வால்டும் 2000இல் எந்திரத்தால் செய்ததை ஊசியால் செய்யலாம். அதைவிட முக்கியம், போலி ஊசியோடு ஒப்பிட்டு, யாருக்கு எது போடப்பட்டது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி செய்யலாம். எந்த எதிர்ப்பான் குற்றவாளி என்ற பெர்லின்–கிரைஃப்ஸ்வால்ட் சண்டையைக்கூட ஒத்திவைத்துவிட்டு, ஐஜிஜியைக் குறைத்தால் இதயம் தேறுகிறதா என்ற அடிப்படைக் கேள்விக்கு முதலில் விடை காணலாம்.

நான் ஒரு சோதனை வடிவமைப்பதாக இருந்தால் மருந்தை ஓரமாக வைத்துவிட்டு ரத்த மாதிரிகளிலிருந்து தொடங்குவேன். 200 நோயாளிகள், 200 ஆரோக்கியமானவர்கள்; எது யாருடையது என்று தெரியாதபடி எண் மட்டும் போட்டு, ஒரே மாதிரியைப் பெர்லினுக்கும் வூர்ட்ஸ்பர்க்கிற்கும், இந்தக் கதையில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு மூன்றாவது ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். மரபணுச் சோதனையும் கூடவே ஓட வேண்டும். மூன்று இடத்திலும் நேர்மறை என்று வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் முதல் ஊசி.